கழுத்துக் கறுப்பு

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் நாசி கண்டார் சோற்றுக் கடையில்தான் அந்த லாரி டிரைவரைப் பார்ப்பேன். பெரிய தொந்தி. சோறு மூழ்குமளவுக்குக் குழம்பு ஊற்றச் சொல்வார். ஈரக் கைக்குட்டையால் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அங்கே தோல் கறுத்துத் தடித்திருந்தது.

"என்னண்ணே, அழுக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்படித்தான் தம்பி நெனச்சேன். இனிப்பு நீர் வியாதி வர்றதுக்கு முன்னாடி இப்படிக் காட்டுமாம், டாக்டர் சொன்னாரு. பயமா இருக்குலா. அன்னையிலேர்ந்து சீனியத் தொடறதே இல்ல."

சொல்லிக்கொண்டே இன்னொரு தட்டுச் சோறு கேட்டார். சோறும் ரத்தத்தில் சீனியாகத்தான் சேரும் என்று சொல்ல வாயெடுத்தேன். என் முன்னால் இருந்ததும் இரண்டாவது தட்டு. சோற்றைப் பிசைந்தேன்.

மாலையில் குளித்துவிட்டு வந்தேன். மனைவி பின்னாலிருந்து கேட்டாள்: "என்னங்க, கழுத்தச் சரியாத் தேய்க்கலையா?"