இரண்டு முறை வந்த பன்னிரண்டு மணி

"என் போன்ல இன்னும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல இருக்குடா!"

"இங்க அஞ்சு நிமிஷம்தான் காட்டுது. அக்கா, நான் சொல்றதை..."

"நீ கேளு முதல்ல! கார் இப்ப வருமா, அப்புறம் வருமா?"

"உன் ஊர் பன்னெண்டுக்குத்தான். கத்தாதே."

"கத்தாம என்ன பண்றது? அந்த ஆள்கிட்ட மாட்டினா நீயா வந்து அடி வாங்குவே?"

போனில் கத்தியவள் என் மகள். கடல் தாண்டி இருந்தாள். கணினி முன்னால் உட்கார்ந்து கத்தியவன் என் மகன். இது நான் ஜோடித்த கதை இல்லை. ராத்திரியும் இல்லை. பட்டப்பகல். துணி காயப்போட்ட ஈரக் கையோடு நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மாப்பிள்ளை கை நீட்டுகிற ஆள். போன வருடம் அவள் மணிக்கட்டை உடைத்தார். இந்த முறை சுத்தியலை எடுத்துக் காட்டியிருந்தார். போதும், கிளம்பி வந்துவிடு என்றோம். அவர் காலையில் வேலைக்குப் போன பிறகு, நடுப்பகல் பன்னிரண்டுக்குக் கார். அன்று அவர் விடியும் முன்னே போயிருந்தார். அவள் போனை அவர் தினமும் தோண்டிப் பார்ப்பார். அதனால் கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கும் என் மகன், பாத்திரக் கடை விளம்பரம் மாதிரி ஒரு பக்கம் செய்து அனுப்பினான். 'தள்ளுபடி முடிய இன்னும்...' என்று எண்கள் இறங்கிக்கொண்டே வரும். பூஜ்யம் ஆனால் கார் வாசலில் என்று அர்த்தம். இங்கே நாங்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னடா கோளாறு?" என்றேன்.

"பன்னெண்டு மணின்னு எழுதினேன்மா. எந்த ஊர் பன்னெண்டுன்னு எழுதலை. ஒவ்வொரு மெஷினும் தன் ஊர் நேரம்னு நெனச்சு எண்ணுது. நமக்கு முதல்ல முடியும். அக்காவுக்கு அஞ்சரை மணி நேரம் கழிச்சு."

"அப்போ பன்னெண்டு ரெண்டு தடவை வருமா? பெரிய இன்ஜினியர்! மணி பார்க்கத் தெரியலை" என்றாள் அவள். அந்த நிலைமையிலும் சிரித்தோம்.

"ஒரே ஒரு வரி. இதோ திருத்திடறேன்."

தட்டினான். முடிக்கவில்லை. எண்கள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. திரையில் 'விற்றுத் தீர்ந்தது' என்று வந்தது.

தட்.

சத்தம் உள்ளறையில். கல்யாணத்துக்கு முன்னால் அவள் படுத்திருந்த அறை. வெளியே தாழ்ப்பாள். உள்ளே யாரும் இல்லை.

தட்... தட்...

மரத்தில் விழுந்த அடி இல்லை. ஈரமான எதன் மேலோ விழுந்த அடி.

"அம்மா... கதவைத் திற... அம்மா..."

என் மகளின் குரல்.

போன் என் மகன் கையில். அதில் அவள் மூச்சு வாங்குவது கேட்கிறது. அறைக்குள்ளே அவள் அலறுவதும் கேட்கிறது.

"அம்மா..." என்றது போன். "யாரும்மா அது? என் குரல் மாதிரியே..."

தட்.

கதவில் நகம் கீறியது. மேலிருந்து கீழே... மெதுவாக.

"கிளம்புடி!" என்று கத்தினேன். "காருக்கு நிக்காதே! போட்டது போட்டபடி கிளம்பு!"

"அம்மா, பெட்டி..."

"பெட்டி கிடக்கட்டும்! ஓடு!"

தட்.

பிறகு எதுவும் இல்லை.

தாழ்ப்பாளை நீக்கக் கை வரவில்லை. வெகுநேரம் கழித்து மகன்தான் நீக்கினான். உள்ளே கட்டில், தலையணை, தூசி. அவ்வளவுதான். கதவின் உட்புறத்தில் மட்டும் நாலு கீறல். புதுசு.

அவள் வந்து சேர்ந்துவிட்டாள். பாஸ்போர்ட்டும் கால் செருப்புமாக, முழுசாக.

மறுவாரம் அங்கிருந்து போலீஸ்காரர் பேசினார். அன்று மாப்பிள்ளை பாதியில் வீடு திரும்பியிருக்கிறார். வீட்டுக் கணினியில் அவள் மூடாமல் விட்ட அந்தத் தள்ளுபடிப் பக்கம் திறந்தே கிடந்திருக்கிறது. சரியாக அந்த ஊர்ப் பன்னிரண்டுக்குப் படுக்கையறையிலிருந்து ஒரு பெண்ணின் அலறல். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாஷை தெரியாது. ஆனால் "அம்மா, அம்மா" என்று கேட்டதாகச் சொன்னாளாம். போலீஸ் போனபோது அவர் சுத்தியலோடு தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரெல்லாம் ரத்தம். 'கொன்னுட்டேன்' என்றாராம்.

பிணம் இல்லை.

அந்தப் பன்னிரண்டு மணிக்கு என் மகள் விமான நிலையத்துக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து எங்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கதவுல கீறல் இருந்துச்சா?" என்று மகன் கேட்டான்.

"உள்பக்கம். நாலு" என்றார் அவர்.

போனை வைத்தோம். என் மகள் உள்ளறை வாசலில் நின்று அந்தக் கீறல்களின் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். நாலும் பொருந்தின.

திரும்பாமலே கேட்டாள்.

"அவ்வளவு கத்தினேனே... ஏம்மா நீ கதவைத் திறக்கலை?"