எந்தப் பக்கம் நாற்காலி?

என் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம். நான் இன்னும் அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் பிரசவத்துக்கு வந்திருந்த எங்கள் அம்மா வீடு ஏரிக்கு அந்தக் கரையில். நான் வாக்கப்பட்ட ஊர் இந்தக் கரையில். மதகுத் தண்ணீருக்காக இரண்டு ஊர் ஆம்பிளைகளும் அடித்துக்கொண்டு, கரைப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு, இனிமேல் போக்குவரத்தே கிடையாது என்றுவிட்டார்கள்.

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் சமாதானக் கூட்டம் என்றார்கள். அந்த வாரம்தான் போண்டா கட்டிவந்த பேப்பரில் படித்தேன்: சண்டை நடக்கும் நாடுகளில் சமாதானம் பேசும்போது பெண்களும் உட்கார வேண்டுமென்று உலக நாடுகள் கூடி முடிவெடுத்திருக்கின்றனவாம். விடுவேனா? வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

“அது ஆப்பிரிக்காவுக்குடி. நம்ம ஏரிக்கு இல்ல.”

“ஏன், பொம்பளைங்க அங்க மட்டும்தான் இருக்காங்களா?”

எங்கள் மகளிர் குழுவில் சொன்னேன். அந்த ஊர்க் குழுவுக்கும் போன் போட்டோம். கூட்டத்தன்று ஆம்பிளைகள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இரண்டு ஊர்ப் பெண்களும் போய் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டோம். ஐயோ, வாசலில் அவர்கள் நின்ற கோலம்! சிரிப்பு தாங்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அதிகாரி இன்னும் நாற்காலிகள் வரவழைத்து, “இந்த ஊர்க்காரங்க இடது பக்கம், அந்த ஊர்க்காரங்க வலது பக்கம்” என்றார். ஆம்பிளைகள் டக்கென்று பிரிந்தார்கள். நாங்கள் திருதிருவென்று விழித்தோம். காலங்காலமாக இங்கிருந்து அங்கே பெண் கொடுப்பதும் அங்கிருந்து இங்கே எடுப்பதும்தானே வழக்கம்?

“சார், பொறந்த ஊரா, வாக்கப்பட்ட ஊரா?” என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் நாற்காலிகளைக் கரகரவென்று இழுத்து நடுவில் போட்டோம். அம்மா ஊர்ப் பெண்களோடு பின்வரிசையில் இருந்த தங்கச்சி எழுந்து வந்து குழந்தையை என் மடியில் போட்டாள். அப்பாடா! அழுதேனா சிரித்தேனா, எனக்கே தெரியாது.

மதகை ஒருநாள் இந்த ஊருக்கு, ஒருநாள் அந்த ஊருக்கு என்று திறக்கலாமென நடுவிலிருந்து நாங்கள்தான் சொன்னோம். கொஞ்ச நேரம் கத்திவிட்டு இரண்டு பக்கமும் சரி என்றது. என் வீட்டுக்காரர் மட்டும் தன் நாற்காலியை என் பக்கமாக நகர்த்தியிருந்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போது வேன்காரர் கரைப் பாதையை விட்டுச் சுற்றுப்பாதையில் திருப்பினார்.

“கரை மேல விடுப்பா. இவங்க அம்மா வூட்டுக்குப் போவணும்” என்றார் வீட்டுக்காரர்.

முள் கிடந்த இடத்தில் அவரே இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். அதை வெட்டிப் போட்டவரும் அவர்தான்.

“இன்னும் நல்லா ஓரமா தள்ளுங்க” என்று வேனுக்குள்ளிருந்து கத்தினேன். “நாளைக்கும் வரணும்.”