சுழி எடுத்த குதிரை

சைக்கிள் நின்றால் சாய்ந்துவிடும். குதிரை நின்றால் நிற்கும். இந்த ஒரு நியாயத்தை நம்பித்தான் நான் குதிரை வாங்கினேன். அதற்கு முன்னால் இரவல் சைக்கிளில் மூன்று தடவை ஏறி, மூன்று தடவையும் நிலக்கடலைக் காட்டில் இறங்கியிருந்தேன்.

அப்போது எனக்கு நாமக்கல் சுற்று வட்டாரத்தில் அம்மை குத்தும் உத்தியோகம். தோல்பெட்டிக்குள் அம்மைப்பால் குழாய்கள், ஒரு ஸ்பிரிட் விளக்கு, திருகிக் குத்துகிற சின்ன இரும்புக் கருவி. இவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். ஊர் எல்லையில் என் தலை தெரிந்ததுமே பிள்ளைகள் வைக்கோல் போருக்குள்ளும் தானியக் குதிருக்குள்ளும் புகுந்துகொள்வார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என்னைக் கண்டு நடுங்க, நான் மட்டும் நாய், மாடு, கிணற்றுப்படி, மேலதிகாரி என்று எல்லாவற்றையும் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன்.

குதிரை திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவருடையது. செம்மண் நிறத்தில் குள்ளமான பெட்டைக் குதிரை. வலது தோளில் தேய்ந்த காசு அளவுக்கு முடி முளைக்காத வட்டம் ஒன்று இருந்தது.

“அது சுழி இருந்த எடமுங்க. ஏறுனவனப் பாடையில ஏத்துற சுழி” என்றார் பண்ணையக்காரர். நான் மூன்றடி பின்னால் போனேன். “அட, பயப்படாதீங்க. சுட்டு எடுத்துப்போட்டமுங்க. இப்பச் சுழியும் இல்ல, தோஷமும் இல்ல.”

எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. சுழி பார்க்காமல் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் உண்டு. சுழியை அப்புறப்படுத்திய குதிரை என் ஒருவனுக்குத்தான் வாய்த்தது என்று போகிற ஊரிலெல்லாம் பெருமை பேசினேன்.

வழியில் அவள் தங்கம். காலையில் சேணம் போடுவதற்கு முன்னால் என் தோளில் மோவாயை வைத்து ஒரு நீண்ட மூச்சு விடுவாள். “அது பாசமுங்க” என்றாள் என் மனைவி. கடிப்பதற்கு அளவெடுப்பதாகத்தான் எனக்குப் பட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பேன். ஆனாலும் அந்தச் சூடான மூச்சு படாத நாளில் சட்டை போட மறந்து வெளியே கிளம்பியதுபோல் இருக்கும்.

ஊருக்குள் போய் வேலையை ஆரம்பித்ததும் அவளுக்குப் பேய் பிடித்துவிடும். புளியமரத்தில் கட்டிப்போட்டு, பக்கத்தில் பாய் விரித்துப் பெட்டியைத் திறப்பேன். முதல் பிள்ளையை நாலு பேர் பிடித்து உட்கார வைப்பார்கள். அவ்வளவுதான், கயிற்றை அறுத்துக்கொண்டு, பாய்மேல் ஏறி, விளக்கையும் அம்மைப்பாலையும் கொட்டிவிட்டுப் பறந்துவிடுவாள். நான் எதிர்த்திசையில் பறப்பேன். தப்பித்த பிள்ளைகள் அவளைக் குலதெய்வமாகவே கொண்டாடினார்கள். ஒரு ஊரில் அவளுக்கு மாலைகூடப் போட்டார்கள்.

இரண்டு ஊர்களில் இப்படி வேலை கெட்டதும் மேலதிகாரிக்குத் தகவல் போய்விட்டது. “அடுத்த மாசம் நானே வந்து பக்கத்தில் நிற்பேன். என் கண் முன்னால் இது ஓடினால், இதை விற்றுவிட்டு நீர் நடந்து போகலாம்” என்றார். என் மனைவி அதற்குள் வாங்குகிற ஆளையே பார்த்துவிட்டாள். சூரமங்கலம் ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிறவர். வந்து பார்த்தார். “ரெண்டே நாள்ல அடக்கிப்போடுவனுங்க” என்று சொல்லிச் சாட்டையைத் தன் காலிலேயே தட்டிக்கொண்டார். அவர் ஓட்டி வந்த குதிரையைப் பார்த்தேன். அதன் பின்தொடையில் முடி முளைக்காத வட்டங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அவை யாரும் எடுத்த சுழிகள் அல்ல. “அதிகாரி வந்து போனதும் வந்து பிடித்துக்கொண்டு போங்கள்” என்று நானே சொன்னேன். அன்று அவளுக்குப் புல் போட்டபோது அவள் முகத்தைப் பார்க்காமலே போட்டேன்.

லாடம் அடிப்பவரிடம் புலம்பியபோதுதான் அவர் சொன்னார்: “கோட்டைப் பக்கம் ஒரு ராவுத்தர் இருக்காருங்க. அவருகிட்டக் காட்டுங்க. ஆனா ஒண்ணு, அவரு குதிரைய விட்டுப்போட்டு ஆளத்தான் நோண்டுவாரு.”

உண்மைதான். பஞ்சு வண்டிக்காரர் ஒருவர் தன் குதிரை மேட்டில் இழுக்கவே மாட்டேனென்கிறது என்று அவரிடம் போயிருக்கிறார். ராவுத்தர் குதிரையைத் தொடக்கூட இல்லையாம். அதன் கழுத்துப்பட்டையைக் கழற்றி வண்டிக்காரர் தோளிலேயே மாட்டி, “கொஞ்சம் இழுங்க” என்றிருக்கிறார். மனிதர் இரண்டடி இழுத்ததும் “ஐயோ” என்று கத்தினாராம். பட்டைக்குள் ஓர் ஆணி முனை. ஒரு வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. அன்று முதல் அந்த வண்டிக்காரர் தினமும் பட்டையைத் தன் தோளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் குதிரைக்குப் போடுகிறார். ஊரே சிரித்தது. குதிரை மேடு ஏறியது.

ராவுத்தர் ஒரு காலைப்பொழுதில் என் வீட்டுப் புழக்கடைக்கு வந்தார். ஒல்லியான ஆள், நரைத்த தாடி. சாட்டை இல்லை, கயிறு இல்லை. கையில் ஊறவைத்த கொள்ளு ஒரு பை. குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க அய்யா, இது எப்பங்க மெரளுது?”

“எப்பவும்தான்.”

“ரோட்டுலயா?”

“இல்லை.”

“சேணம் போடறப்ப?”

“இல்லை.”

“அப்ப எப்பவும் இல்லீங்க. எப்பன்னு சொல்லுங்க.”

“பிள்ளைகள் அழுதால் மிரளும்” என்றேன். என் கைக்குழந்தை மனைவியின் இடுப்பில் அந்த நேரம் முழுவதும் வீரிட்டுக்கொண்டுதான் இருந்தது. குதிரை நிதானமாகப் புல்லைத் தின்றுகொண்டிருந்தது. ராவுத்தர் குழந்தையைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“சரிங்க. நாந்தான் புள்ளை. ஊருல போயி என்ன செய்வீங்களோ, அப்படியே எனக்குச் செய்ங்க.”

“நிஜமாகவே குத்தவா?”

“வேண்டாமுங்க, வேண்டாமுங்க! சும்மா பாவனைக்கு!” என்று சட்டைக் கையை அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டார். அதை நான் அப்போது கவனித்துவைத்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவர் எழுந்துபோய்க் குதிரையின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நான் உரலுக்குப் பின்னால் போய்விட்டேன்.

“கட்டாமல் எப்படி?”

“கட்டிப்போட்டா ஓட முடியலயேன்னுதாங்க அதுக்குப் பாதிப் பயம். அவுத்துவுட்டா எதைப் பாத்து ஓடுதுன்னு நமக்குத் தெரியுமில்ல?”

“உரலுக்குப் பின்னால நின்னா அதுக்குத் தெரியமாட்டீங்களாக்கும்?” என்றாள் மனைவி. “முக்காவாசி ஆளு வெளியதான இருக்குது.”

மானம் கருதி வெளியே வந்தேன். பாய் விரித்தேன்; குதிரை தின்றது. பெட்டியைத் திறந்தேன், தின்றது. ராவுத்தரின் கையைப் பிடித்தேன், தின்றது. விளக்கை ஏற்றிக் கருவியின் முனையை நெருப்பில் காட்டினேன். அவள் தலை விருட்டென்று நிமிர்ந்தது. காதுகள் பின்னால் படிந்தன. ஒரே பாய்ச்சலில் வேலி மூலைக்குப் போய், உடம்பெல்லாம் நடுங்க நின்றாள். நான் எங்கே நின்றேன் என்பதைப் பற்றி மனைவி இன்றுவரை பேசுகிறாள். கிணற்று ராட்டினத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேனாம்.

“வெளக்க அணைங்க” என்றார் ராவுத்தர். எழுந்திருக்கவில்லை, குதிரையைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நேரம் போனது. அவள் மெல்ல வந்து மறுபடி புல்லில் வாய் வைத்தாள். மறுபடி விளக்கு, மறுபடி மூலை. மூன்றாம் தடவையும் அப்படியே. அதன் பிறகுதான் அவர் எழுந்து அவள் பக்கத்தில் போய், தோளிலிருந்த வட்டத்தைத் தொடாமல் சுட்டிக்காட்டினார்.

“இதென்னங்க?”

“சுழியை எடுத்த இடம்” என்றேன் வழக்கமான பெருமையோடு.

“எதால எடுத்தாங்க?”

“இரும்பைக் காய்ச்சி...”

பாதியில் நிறுத்திவிட்டேன். என் கையில் கருவி இருந்தது. அதன் முனை கறுத்து, இன்னும் சூடாறாமல் இருந்தது. ஊர் ஊராக அவளைக் கொண்டுபோய், மரத்தில் இறுக்கிக் கட்டி, அவள் முகத்துக்கு நேரே நான்தான் இரும்பைக் காய்ச்சியிருக்கிறேன்.

“புள்ளைகளுக்குத்தான் காய்ச்சறீங்கன்னு அதுக்கு எப்படீங்க தெரியும்?” என்றார் அவர். “தனக்குத்தான்னு நெனைக்குது, பாவம்.”

என் மனைவி வந்து என் கையிலிருந்த கருவியை வாங்கி வைத்தாள்.

மறுநாள் முதல் பாடம் தொடங்கியது. பாடம் எனக்குத்தான். புழக்கடையின் ஒரு கோடியில் குதிரை, மறு கோடியில் கிணற்றடியில் விளக்கு. விளக்கு எரிகிறவரைக்கும் அவளுக்குக் கொள்ளு உண்டு. அணைந்ததும் பை மூடிக்கொள்ளும். அவள் காது முன்னால் இருந்தால் நாளைக்கு விளக்கு ஓரடி கிட்டே வரும். பின்னால் மடிந்தால் இரண்டடி தள்ளிப்போகும். விளக்கை அவர் தொடவே மாட்டார்.

“நீங்களே செய்யக் கூடாதா?” என்று கெஞ்சினேன்.

“நாஞ் செஞ்சா எங்கிட்டப் பழகும். இரும்பக் காய்ச்சறது நீங்கதானுங்களே?”

“அதிகாரி வர இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது!”

“அது அதுக்குத் தெரியாதுங்களே. நீங்களும் சொல்லிப்போடாதீங்க.”

நான் சொல்லாமல் இருப்பேனா? வாயால் சொல்லவில்லை, விளக்கால் சொன்னேன். ஒருநாள் அவர் வராத நேரமாகப் பார்த்து விளக்கை ஒரேயடியாக ஆறடி முன்னால் வைத்தேன். அவள் வேலியைத் தாண்டிப் போய்விட்டாள். பொழுது சாயும்வரை சோளக்காடு சோளக்காடாகத் தேடினேன். கடைசியில் அவளே வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் ராவுத்தரிடம் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்: எங்கிருந்தோ நாய் வந்ததென்று.

அவர் மண்ணைக் குனிந்து பார்த்தார். “குதிரை ஓடுன தடம் இருக்குது. நீங்க ஓடுன தடமும் இருக்குது. நாயத்தான் காணமுங்க. உங்க தடந்தான் நல்லா ஆழமாப் பதிஞ்சிருக்குது.”

விளக்கை எடுத்துப்போய்க் கிணற்றடியிலேயே வைக்கச் சொன்னார். முதலிலிருந்து ஆரம்பித்தோம். கையில் இருந்த பன்னிரண்டு நாளில் நான்கு நாளை நானே தின்று தீர்த்திருந்தேன். வேறு யாராக இருந்தாலும் என்னைச் சாட்டையால் அடித்திருப்பார்கள். அந்த மனிதருக்குக் குதிரையிடம் இருந்த பொறுமையில் ஒரு பிடிகூடக் குறையாமல் என்னிடமும் இருந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள், விளக்கு அவள் முன்னங்காலிலிருந்து மூன்றடியில் எரிந்தது. அவள் கொள்ளுப்பைக்குள் முகத்தை விட்டிருந்தாள். ராவுத்தர் தன் உள்ளங்கையை அந்த வட்டத்தின்மேல் வைத்தார். அவள் தோல் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார்.

அதிகாரி சொன்ன நாளில் சொன்ன ஊருக்கு வந்தார். புளியமரம், பாய், வரிசையாகப் பிள்ளைகள். தங்கள் தெய்வம் காப்பாற்றும் என்று பிள்ளைகள் நம்பிக்கையோடு குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளைக் கட்டவில்லை. அதிகாரியின் புருவம் உயர்ந்தது. அந்தப் புருவத்தைப் பார்த்ததும் என் கை ஆட ஆரம்பித்தது. தீக்குச்சி கிழித்தேன், விளக்கு கவிழ்ந்தது. பாயில் கொட்டிய ஸ்பிரிட் நீலமாகப் பற்றிக்கொண்டது. அதன் நுனி என் வேட்டியைத் தொட்டது.

நான் களத்துமேட்டைத் தாண்டி ஓடினேன் என்று சாட்சி சொல்ல அந்த ஊரில் இன்றும் ஆள் உண்டு. திரும்பிப் பார்த்தபோது அதிகாரி பூட்ஸ் காலால் பாயை மிதித்து அணைத்துக்கொண்டிருந்தார். குதிரை நாலடி பின்னால் போயிருந்தாள், அவ்வளவுதான். காது ஒரு தடவை மடிந்தது. பிறகு முன்னால் வந்தது. மெல்ல நடந்துவந்து என் பெட்டிக்குள் மூக்கை விட்டுக் கொள்ளைத் தேடினாள். கிடைக்காததால் கனைத்தாள்.

பிள்ளைகள் மெல்ல வரிசையின் கடைசிக்கு நகர்ந்தார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “குதிரை இருக்கட்டும். ஆளை மாற்றலாமா என்றுதான் யோசிக்கிறேன்” என்றார். அவர் உதட்டோரம் சிரிப்பில் துடித்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அன்று அத்தனை பிள்ளைகளுக்கும் குத்தி முடித்தேன்.

சூரமங்கலத்துக்காரர் சொன்னபடி வந்தார். வாசலிலேயே என் மனைவி மறித்தாள்: “குதிரை நிக்கப் பழகிப்போச்சுங்க. ஓடறது எங்க ஊட்டுக்காரருதான். வேணும்னா அவரக் கூட்டிட்டுப் போங்க.” அவர் என்னைப் பார்த்தார். வாங்கத் தகுந்த சரக்கில்லை என்று முடிவு செய்து போய்விட்டார்.

அதன் பிறகு பிள்ளைகளை நாலு பேர் பிடிக்க நான் விடவில்லை. இரும்பைப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக் காய்ச்சுவேன். நன்றாக ஆறியதும், முனையை விட்டுவிட்டுக் காம்பை அவர்கள் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அழுகை நிற்கவில்லை, ஆனால் குதிருக்குள் தேடுகிற வேலை குறைந்தது.

சில மாதம் கழித்து ஒரு காலையில் ராவுத்தர் புழக்கடைப் பக்கமாக வந்தார். அவர் தெருவில் இரண்டு வீட்டில் அம்மை கண்டிருந்தது. சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டியிருந்தார். கண் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“குத்திப்போடுங்க அய்யா. ஒரே ஒரு வேண்டுதல். என்னைப் புடிக்காதீங்க. நானாவே உக்காந்துக்கறேன்.”

குதிரைக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். நான் கிணற்றடிக்குப் போய் விளக்கேற்றினேன். அவர் தலை நிமிர்ந்தது. விளக்கோடு ஓரடி தள்ளிப்போய்க் காத்திருந்தேன். பிறகு இரும்பைக் காய்ச்சி ஆறவிட்டு, எடுத்துவந்து முனை படாமல் அவர் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நான் குத்துகிறபோது என் கையைப் பார்க்கவில்லை. குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதுங்களா?”

“முடிந்தது.”

பையைத் திறந்து ஒரு கை கொள்ளு அள்ளி அவரிடம் நீட்டினேன். வாங்கி, பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை வாயில் போட்டுக்கொண்டார்.