பஸ்ஸை முந்தும் சூசையம்மா

மேலே பஸ் ஹோர்ன் அடித்ததும் சூசையம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்கிறாள். ஏறத்தான் போகிறாள் என்று ஊருக்குப் புதியவர்கள் நினைப்பார்கள். அவளோ பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிவிட்டு, தேயிலைக்கு நடுவே சரிந்து இறங்கும் குறுக்குப் பாதையில் காலை வைத்துவிடுவாள். பஸ் வளைந்து வளைந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்துக்கு லயம் நின்று, கீழே தேயிலைப் பெக்டரி வாசலுக்கு வந்து சேரும்போது அவள் அங்கே மதகில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாள். வழியில் தேத்தண்ணி குடித்துவிட்டா வருகிறீர்கள் என்று டிரைவர் நிஸாமிடம் கேட்காவிட்டால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது. மிச்ச தூரத்தையும் நடந்தே பதுளைக்குப் போய், பூசைக்கு முதல் மணி அடிக்குமுன் கோயிலுக்குள் இருப்பாள். வயது அறுபத்து மூன்று.

நமுனுகுல மலையடியில் அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவு, ஊர்ப் பேச்சில் மேற்கணக்கு, இருக்கிறது. அதற்கு மேலே காடுதான். அவள் அப்பா காலத்தில் அங்கே ஏறிய ஒரே வாகனம் தோட்டத் தொரையின் குதிரை. அரிசி மூட்டை தலைச்சுமையாக ஏறும். நோயாளி கம்பளியில் தொட்டில் கட்டி இறங்குவார். பிறகு கொழுந்து லொறி வந்தது. கொழுந்துக்கென்று வந்த லொறிதான், ஆனால் மாப்பிள்ளை பெண்ணும் அதில்தான், சவப்பெட்டியும் அதில்தான், பிள்ளைத்தாய்ச்சியும் அதில்தான். சூசையம்மாவின் மூத்தவன் றொபின்சன், ஆஸ்பத்திரி வரைக்கும் பொறுக்காமல் அந்த லொறியிலேயே, கொழுந்துச் சாக்குகளின் மேல் பிறந்தான். "அதான் இன்னமும் தேத்தண்ணி குடுக்காட்டி எந்திரிக்க மாட்டேங்கிறான்" என்பாள்.

றொபின்சன் தவழ்கிற வயதில் பெக்டரி வரைக்கும் முதல் பஸ் வந்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தோட்டமே திரண்டு ஏறியது. சூசையம்மாவும் கலியாணச் சேலை கட்டிக்கொண்டு ஏறினாள். ஏழாவது வளைவில், பக்கத்தில் நின்ற தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் வெள்ளைக் கால்சட்டை முழுக்க வாந்தி எடுத்துவிட்டாள். பஸ்ஸே சிரித்தது. இறங்கியவள் அதற்குப் பிறகு எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. லொறியில் வராத வாந்தி பஸ்ஸில் மட்டும் எப்படி என்று கேட்டால், லொறி திறந்த வண்டி, காற்று அடிக்கும், பஸ் மூடி போட்ட சட்டி என்பாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

ஆனால் உண்மைக் காரணம் வாந்தி மட்டுமல்ல, லெட்சுமியும்தான். அதே லயத்தில் இரண்டு காம்பரா வீடு தள்ளி இருப்பவள், சூசையம்மாவோடு ஒரே நாளில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனவள். ஞாயிற்றுக்கிழமை இவள் பூசைக்கு, அவள் சந்தைக்கு. லயத்தில் ஒருவர் இருமினால் எட்டாவது காம்பராவுக்குக் கேட்கும். அங்கே என்ன மனம்விட்டுப் பேச? லெட்சுமியின் புருஷன் குடித்த கதை, சூசையம்மா மகளுக்கு வரன் வந்து தட்டிப்போன கதை, மாமியார் கதை, மருமகள் கதை எல்லாம் முப்பத்தைந்து வருஷமாக அந்தக் குறுக்குப் பாதையில்தான் பேசித் தீர்ந்தன. அப்போது ஞாயிறு காலையில் பாதை திருவிழாவாக இருக்கும். பிள்ளைகள் முன்னால் ஓட, ஆண்கள் பீடியோடு பின்னால் வர, முப்பது நாற்பது பேர் இறங்குவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் மேற்கணக்குக்குக் கொங்கிரீட் பாதை போட்டார்கள். ஆட்டோ வந்தது, பின்னாலேயே பஸ்ஸும் ஏறி வந்தது. நல்லதுதான், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நல்லதுதான் என்று சூசையம்மாவும் ஒப்புக்கொள்கிறாள். ஆனால் பாதையில் மானாப்புல் மண்டிவிட்டது. காட்டுப் பன்றிக்குப் பயந்து அவள் கம்போடு நடக்கிறாள்.

போன வைகாசியில் ஒரு ஞாயிறு, ஒரு வார்த்தை சொல்லாமல் லெட்சுமி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். சூசையம்மா அதைப் பாதையில் நின்று பார்த்தாள். மகன் கொழும்பில் உழைக்கிற பவுசு என்று லயமே கேட்கச் சொன்னாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எட்டு மாதம். இரண்டு முழங்காலும் தேய்ந்து லெட்சுமி பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்குகிறாள் என்பது, மகன் விஜேந்திரன் அம்மாவைக் கொழும்புப் பக்கம் வத்தளைக்குக் கூட்டிப்போக வந்த பிறகுதான் சூசையம்மாவுக்குத் தெரிந்தது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

லெட்சுமி புறப்பட்டது ஒரு ஞாயிறு காலை. ஹோர்ன் அடித்தது. சூசையம்மா வந்தாள், சேலையைச் செருகவில்லை, நேரே படியில் ஏறிவிட்டாள். நிஸாம் முன்சீட்டில் இருந்தவரை எழுப்பி அவளை லெட்சுமி பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு சொப்பிங் பேக்கைக் கொடுத்தான்.

முதல் வளைவிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினாள். நான் சொன்னது தப்பு, மனசில் வைக்காதே, அவ்வளவுதான். ஆனால் வாயைத் திறந்தால் வார்த்தையா வருகிறது? எலுமிச்சங்காயை மூக்கில் வைத்துக்கொண்டு, பையை வாயில் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் ஊற்ற, வளைவு வளைவாக இறங்கினாள். லெட்சுமி அவள் முதுகை நீவிக்கொண்டே வந்தாள். பெக்டரி போனது, கடைவீதி போனது. இனி டவுன், ஸ்டேஷன், ரயில். எட்டு மாதம் வீம்பில் போனது, மிச்சமிருந்த ஒரு மணி நேரம் வாந்தியில் போயிற்று என்று சூசையம்மாவுக்கு அழுகை வந்தது.

ஆற்றுப் பாலம் வந்ததும் லெட்சுமி பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். ஸ்டேஷனுக்கு இன்னும் அரை மைல் இருக்கிறதே என்று விஜேந்திரன் பதறினான். சாமானை எடுத்துக்கொண்டு நீ முன்னால் போ, நாங்கள் நடந்து வருகிறோம் என்றாள். ரயில் போய்விட்டால் என்ன செய்வது என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கம்பியைப் பிடித்து எழுந்துவிட்டாள். நிஸாம் கையைப் பிடித்து இருவரையும் இறக்கிவிட்டான்.

சூசையம்மா ஆற்றங்காற்றில் மூச்சு வாங்கினாள். லெட்சுமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். மன்னிப்புக் கேட்கத் திறந்த வாயில் சூசையம்மாவுக்கு வந்தது ஏச்சுதான்.

"முழங்காலு வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா புள்ள நீ? நான் என்னென்ன பேசிப்புட்டேன்."

"சொன்னா நீ பூசைய விட்டுட்டு எங்கூட லயத்துலயே குந்திக்கிட்டிருப்ப. எனக்குத் தெரியாதா ஒன்ன?"

சூசையம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாலத்துக்கு அப்பாலிருந்து ரயில் ஊதும் சத்தம் வந்தது. லெட்சுமி ஸ்டேஷன் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு வலிக்கிற காலை மெல்ல மடக்கிப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.