சந்தியோகு அண்ணரும் தொண்ணூறு குதிரைகளும்

ஞாயிறு காலை பேசாலையிலிருந்து சந்தியோகு அண்ணரின் மகள் மேரி தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா மோசம் போயிட்டார், மாஸ்டர். மாஸ்டரிட்ட என்னை மன்னிக்கச் சொல்லு எண்டுதான் கடைசியாச் சொன்னவர். என்னத்துக்கு எண்டு எனக்கு விளங்கேல்லை." எனக்கு விளங்கியது.

சந்தியோகு அண்ணர் அந்நாளில் அடம்பனில் பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். அதன் மெக்கானிக்கும் அவரே. போர்த் தடையால் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார்கள் ஓடிய காலம். நான் பாப்பாமோட்டையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் என்று திரிந்தேன். காரின் கைநூலில் தொண்ணூறு குதிரைவலு என்றிருப்பதை அவருக்கே வாசித்துக் காட்டுவேன். அவர் சிரிப்பார்.

"அது எஞ்சினைத் தனியா மேசையில ஏத்தி, காத்தாடி, டைனமோ, சைலன்சர் ஒண்டும் இல்லாமல் அளந்த கணக்கு, மாஸ்டர். அதுகளையும் பூட்டி அளந்துபாருங்கோ, எழுபதும் தேறாது. மண்ணெண்ணெயில இன்னும் குறையும்."

என் மனைவி றோசலினுக்குப் பிள்ளைப்பேற்று வலி கண்டது. மருத்துவிச்சி போதும் என்று ஒரு நாள் முழுக்க வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, மறுநாள் காலைதான் அண்ணரைக் கூப்பிட்டேன். மாரி மழை. மாமி, மச்சாள்மார் இருவர், றங்குப்பெட்டி என எல்லாவற்றையும் ஏற்றினேன்.

"இவ்வளவும் இழுக்காது, மாஸ்டர்."

"தொண்ணூறு குதிரைக்கு இது ஒரு பாரமோ?" என்று அதட்டினேன்.

குளக்கட்டு ஏற்றத்தில் கார் சேற்றில் புதைந்தது. றோசலினைத் தவிர எல்லோரும் இறங்கித் தள்ளியும் ஏறவில்லை. அண்ணர் சூடாறாத சைலன்சரைக் கழற்றி எறிந்தார். காற்றாடிப் பட்டியையும் அறுத்தார். "இப்ப அந்தப் புத்தகக் கணக்கை எடுக்கிறன்" என்றார். குளிர்ச்சியில்லாமல் எஞ்சின் எரிந்துபோகும் என்று தெரிந்தே செய்தார். கார் உறுமிக்கொண்டு ஏறியது. பெரிய தெருவை அடைந்ததும் எஞ்சின் இறுகி நின்றது. அங்கிருந்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு லொறியில் கொண்டுபோனோம்.

றோசலினும் பிள்ளையும் தப்பவில்லை. "நேற்றே கொண்டுவந்திருக்கவேணும்" என்றார் டொக்டர். வெளியே வந்து நான் அண்ணரிடம் சொன்னது வேறு. "அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் தப்பியிருப்பாளாம். உங்கட காரால போனவள்." பாவி, அப்படித்தான் சொன்னேன்.

"சைலன்சரை முதலே கழட்டியிருக்கோணும்" என்றார் அவர்.

பிறகு அவர் கார் ஓட்டவில்லை. பேசாலைக்குப் போய் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்தினார். என்னைக் காணும்போதெல்லாம் அதையே சொல்வார். உண்மையைச் சொன்னால் பழி என் தலையில் விழும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்று அடக்கம் முடிந்ததும் மேரியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் சொன்னாள்:

"ஒவ்வொரு ஆவணித் திருவிழாவுக்கும் அப்பா மடு மாதா கோயிலுக்கு நடந்துதான் போறவர். பஸ்ஸில ஏறமாட்டார். ஆருக்காக இந்த நேத்திக்கடன் எண்டு கேட்டால் சொல்லமாட்டார். போன வருசமும் முழங்கால் வீங்கி, தடி ஊண்டித்தான் போனவர்."

போய் வாருங்கள், அண்ணர். பிழை என்னுடையது. நீங்கள் அவ்வளவு தூரம் நடந்திருக்கத் தேவையில்லை.