கையில் இருந்த எழுபத்தொன்று

பட்டச் சான்றிதழின் நகலில் சான்றொப்பம் வாங்கப் போன இடத்தில்தான் குமாஸ்தா அக்காவை முதலில் பார்த்தது. நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், மூன்றாவது மாடியில், ஒரு மூத்த வக்கீலின் அலுவலகம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டவர் வக்கீல் அல்ல. கூரை வரைக்கும் கட்டுக் கட்டாகக் கோப்புகள், அவற்றுக்கு நடுவில் ஒரு மூக்குக் கண்ணாடி, அதற்குப் பின்னால் அக்கா. அசல் சான்றிதழைக் கையில் வாங்கியவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"லேமினேட் பண்ணிட்டீங்களா?"

"ஆமாக்கா. வீட்டுல முதல் பட்டம். ஈரம் பட்டுடக் கூடாதுன்னு..."

"ஈரம் படாது. முத்திரையும் படாது. இனிமே இது மேல எவனும் சீல் குத்த முடியாது தம்பி. தொட்டியில விட்ட மீன் மாதிரி பாத்துக்கிட்டே இருக்கலாம், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நகலில் கையெழுத்தும் வாங்கித் தந்தார். ஆனால் அன்றைக்கு அல்ல. அதற்கும் ஒரு தேதி கொடுத்தார், வியாழக்கிழமை என்று. அந்த வியாழக்கிழமையில் தொடங்கி அவர் வாயிலிருந்தும் அவர் வீட்டார் வாயிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததுதான் இந்தக் கதை.

தேதி கொடுப்பதும் தேதி வாங்குவதும்தான் அக்காவின் வேலை. எந்த வழக்கு எந்த நாள் எந்த அறையில் வரும், எந்தக் கோப்பில் எத்தனையாவது பக்கத்தில் எந்தக் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்பதெல்லாம் பதினாறு வருடமாக அவர் தலைக்குள் இருந்தது. ஜூனியர் வக்கீல்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் 'வாய்தா அக்கா'. வழக்கைத் தள்ளிவைத்து வேறு தேதி வாங்குவதைத்தான் வாய்தா என்பார்கள். இந்தப் பெயர் அவருக்குத் தெரியும். அதற்குக் கோபப்படுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்.

வீட்டிலும் இதே நடைமுறைதான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அண்ணன் இவர்கள் ஸ்கூட்டரை ஒரு மாதத்துக்கு இரவல் கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. "பாக்கலாங்க" என்பதுதான் நான்கு மாதமாகப் பதில். கூடத்துக்கு எந்த நிறத்தில் சுண்ணாம்பு அடிப்பது என்ற கேள்வி இரண்டு வருடமாக நிலுவையில் இருந்தது. சுவரில் மூன்று நிறங்களைப் பூசிப் பார்த்த திட்டுகள் மூன்றும் அப்படியே நின்றன. வந்து போகிறவர்கள் அதை ஏதோ ஓவியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சட்டம் படிக்கும் ஆசையும் அப்படியே பதினோரு வருடம் நிலுவையில் கிடந்தது. அக்காவின் முப்பத்தொன்பதாவது வயதில், பதினாறு வயது மகள் மாலை நேரச் சட்டக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, "இந்தா, கையெழுத்துப் போடு" என்று நீட்டினாள். அக்கா போய் எழுதிவிட்டு வந்தார். நூற்றுக்கு எழுபத்தொன்று.

போன வருடம் கடைசி இடம் கிடைத்தவருக்கு எழுபத்து நான்கு.

இந்த மூன்று மதிப்பெண்தான் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. ஆறு வாரம் கழித்து இன்னொரு முறை தேர்வு எழுதலாம். அதன் முடிவு வந்த பிறகுதான் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் காலம் இருந்தது. வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. மறுபடி எழுதினால் பழைய மதிப்பெண் செல்லாது. எது கூடுதலோ அது அல்ல, எது கடைசியோ அதுதான் கணக்கு. பெயர் பதிய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை நேரம்.

"கைக்கு வந்ததை விட்டுட்டு அப்பீல் போனவங்களை நான் நிறைய பாத்துட்டேன்" என்றார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டுகள் இன்னும் மேசையை விட்டுப் போகவில்லை. "நம்ம தையல்காரர் கேஸ் தெரியும்ல? அஞ்சடி பாதை கேட்டாரு. கோர்ட்டு மூணடி குடுத்துச்சு. சும்மா இருந்திருக்கலாம். ரெண்டடிக்காக அப்பீல் போனாரு. மூணடியும் போச்சு. இப்ப அந்த மனுசன் பக்கத்து வீட்டுக் கொல்லை வழியா தன் வீட்டுக்குப் போறாரு. அந்த வீட்டு நாய் இவரைத் திருடன்னே முடிவு பண்ணிருச்சு."

"அப்ப எழுதாத" என்றார் கணவர்.

"எழுதலைன்னா எழுபத்தொண்ணுக்கு யாரு சீட்டு குடுப்பா?"

"அப்ப எழுது."

"எழுதி அறுபத்தஞ்சு வந்தா?"

கணவர் மகளைப் பார்த்தார். "உங்கம்மாவுக்குப் பதில் சொல்றதுக்கு நான் லிஃப்ட்டோட பேசலாம். அது மேல, கீழ ரெண்டுல ஒண்ணு போகும்."

மகள் சிரிக்கவில்லை. "ரிசல்ட்டு எங்கம்மா?"

அக்கா எழுந்து போய்க் கொண்டுவந்தார். ஒற்றைத் தாளுக்கு ஒரு கோப்பு போட்டு, ஓரத்தில் துளையிட்டு நாடா கோத்து, மேலே தேதியும் எழுதியிருந்தார். மகள் திறந்து பார்த்தாள். "இதுல 'பக்கம் மூன்று'ன்னு போட்டிருக்கு. ஒண்ணும் ரெண்டும் எங்க?"

"கடைசிப் பக்கத்துலதானே முடிவு இருக்கும்?"

குமாஸ்தாக்கள் தீர்ப்பைக் கடைசிப் பக்கத்தில் தொடங்குவார்கள். வென்றோமா தோற்றோமா என்று தெரிந்தால் கட்சிக்காரருக்கு ஃபோன் போட்டுவிடலாம். மற்றதை வக்கீல் படித்துக்கொள்வார். அக்காவும் பதினாறு வருடப் பழக்கத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து வந்திருந்தார். இந்த வழக்கில் மற்றதைப் படிக்க வக்கீல் யாரும் இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மகள் தன் கைப்பேசியில் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"அம்மா. நீ பதில் எழுதினது எழுபத்தேழு கேள்வி. அதுல எழுபத்தொண்ணு சரி."

"ஆறு தப்பா?"

"ஆறு தப்பு. இருபத்து மூணு கேள்விக்குப் பதிலே போடல!"

"ஒரு பத்து இருக்கும்னு நினைச்சேன்..."

"ஏம்மா போடல? தெரியலையா?"

அக்கா தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். "கொஞ்சம் யோசிக்க வேண்டியதையெல்லாம் ரெண்டாவது அழைப்புக்கு வச்சிருந்தேன்."

நீதிமன்றத்தில் காலையில் பட்டியலை வரிசையாகக் கூப்பிடுவார்கள். ஆள் தயாராக இல்லாத வழக்கை ஒதுக்கிவைத்து, பட்டியல் முடிந்ததும் மறுபடி கூப்பிடுவார்கள். அக்காவின் வாழ்க்கையே அந்த இரண்டாவது அழைப்பை நம்பித்தான் ஓடியது. ஆனால் தேர்வு நான்கு பகுதியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். நேரம் முடிந்ததும் திரை தானாக மூடிக்கொண்டு அடுத்த பகுதிக்குத் தாவிவிடும். அக்கா ஒதுக்கிவைத்தவை எல்லாம் மூடிய கதவுக்கு உள்ளேயே நின்றுவிட்டன.

"நாலு பகுதியிலயுமா?" என்று மகள் தலையில் கைவைத்தாள். "முதல் தடவை மூடினதுமே தெரிஞ்சிருக்குமே?"

"அடுத்ததுல நேரம் இருக்கும்னு நினைச்சேன்."

"கண்ணை மூடிக்கிட்டு எதையாவது தொட்டிருந்தாலே அஞ்சு மார்க்கு வந்திருக்கும்மா! மூணுதான் வேணும் உனக்கு!"

"படிக்காம எப்படிடி தொடறது? தப்பாப் போயிட்டா?"

கணவர் அதற்கு மேல் தாங்காமல் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அங்கிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மகள் அன்றே ஒரு சட்டம் போட்டாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் வீட்டில் 'அப்புறம்', 'பாக்கலாம்' இரண்டும் தடை. தினமும் சாயங்காலம் ஒரு மாதிரித் தேர்வுப் பகுதி, இருபத்தைந்து கேள்வி. எதையும் தாண்டிப் போகக் கூடாது. பதினெட்டு வாங்கினால் பழைய எழுபத்தொன்றுக்குச் சமம்.

திங்கட்கிழமை அக்கா வாங்கியது பதினான்கு.

எல்லாவற்றுக்கும் பதில் போட்டிருந்தார். போட்டதில் பதினொன்று தப்பு. அவசரத்தில் 'எல்லாம்' என்று கேட்டதற்குச் 'சில' என்று படித்திருந்தார். "பாத்தியா, தையல்காரர் கதைதான்" என்றார். மகள் முகமும் கொஞ்சம் வாடியது. செவ்வாய்க்கிழமை பதினைந்து.

தேர்வில்தான் இப்படி. வீட்டில் புதிய சட்டம் காட்டாற்று வேகத்தில் அமலானது. செவ்வாய்க்கிழமை காலையில் கணவர் பல் துலக்கிக்கொண்டே, "அண்ணன் மறுபடி ஸ்கூட்டர் கேட்டான்" என்றார்.

"முடியாது."

பிரஷ்ஷோடு அவர் வாய் அப்படியே நின்றது. "ஏன்?"

"போன தடவை கண்ணாடியை உடைச்சிட்டு, வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுன்னாரு. குடுக்க மாட்டேன். அடுத்த கேள்வி?"

அடுத்த கேள்வி கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கூடத்துச் சுவருக்கு மஞ்சள் என்று அன்றைக்கே தீர்ப்பானது.

அலுவலகத்திலும் தப்பவில்லை. புதன்கிழமை ஒரு வாதத்தை முடித்துவிட்டு வந்த மூத்த வக்கீல், அங்கியைக் கழற்றியபடி, "எப்படிம்மா இருந்துச்சு இன்னைக்கு?" என்றார். பதினாறு வருடமாக இந்தக் கேள்விக்கு அக்கா காபியைத்தான் பதிலாக நீட்டி வந்தார்.

"முதல் இருபது நிமிஷம் தேவையே இல்ல சார். ஜட்ஜ் ஜன்னலைப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு. நாப்பத்தோராம் பக்கத்துலேருந்து தொடங்கியிருக்கலாம்."

இரண்டு ஜூனியர்களும் ஒரே கோப்பை மிக அக்கறையோடு படித்தார்கள். மூத்த வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்து, "நாப்பத்தொண்ணா?" என்று கேட்டு, கோப்பை வாங்கிப் புரட்டி, "ம்" என்றார். அன்று காபி வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

அன்று மாலை பத்தொன்பது. வீடே துள்ளியது. வியாழக்கிழமை மறுபடி பதினேழு. வீடு அடங்கியது.

இப்படி வெள்ளிக்கிழமை வந்தது. பதினான்கு, பதினைந்து, பத்தொன்பது, பதினேழு. இதை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல முடியாது. நாலரை மணிக்கு அக்கா அலுவலகக் கணினியில் பதிவுப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலே முக்காலுக்குக் கணவருக்கு ஃபோன் போட்டார்.

"என்னங்க, என்ன பண்ணட்டும்?"

"நான் ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கிட்டு இருக்கேன். உள்ள நாலு பேரு மாட்டிக்கிட்டு கத்துறாங்க. இப்பவா கேப்ப?"

"அஞ்சு மணிக்கு மூடிருவாங்க."

இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. "வக்கீலம்மா, ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த எழுபத்தொண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"விண்ணப்பம் போட்டுட்டு, இந்த வருசம் எல்லாரும் கொஞ்சம் மோசமா எழுதியிருக்கணும்னு வேண்டிக்குவேன்."

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. முகம் தெரியாத ஆயிரம் பேர் தப்பாக எழுத வேண்டும் என்பதுதான் தன் வழக்கின் முழு பலம். இப்படி ஒரு வழக்கோடு ஒரு கட்சிக்காரர் படியேறி வந்திருந்தால், அக்காவே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்.

"ஹலோ? இருக்கியா?" என்றார் கணவர்.

"இருக்கேன். நீங்க முதல்ல அந்த நாலு பேரை இறக்குங்க."

ஃபோனை வைத்துவிட்டுப் 'பதிவு செய்' என்பதை அழுத்தினார். திரையில் ஒரு பெட்டி வந்தது. உங்கள் முந்தைய மதிப்பெண் நிரந்தரமாக நீக்கப்படும், சம்மதமா? கீழே ஆம், இல்லை. அவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில், மூன்றாவதாக ஒன்று: பிறகு நினைவூட்டு.

அக்காவின் கை தானாக அந்த மூன்றாவதை நோக்கிப் போயிற்று. பதினாறு வருடப் பழக்கம் அல்லவா. பக்கத்தில் ஏதோ கோப்பு கேட்டு வந்து நின்ற ஜூனியர், "அக்கா, அந்த நில வழக்குக் கட்டு..." என்று தொடங்கினார்.

"ரெண்டாவது அலமாரி, கீழ்த் தட்டு, இடது பக்கம்" என்றார் அக்கா திரும்பாமலே. அந்தக் குரலின் வேகத்திலேயே கை மேலே ஏறி 'ஆம்' என்பதை அழுத்திவிட்டது. மணி நான்கு ஐம்பத்து நான்கு.

எழுபத்தொன்று போய்விட்டது. அக்கா தண்ணீர் குடித்தார். இரண்டு டம்ளர்.

அடுத்த ஆறு வாரமும் அக்கா மதிய உணவு நேரத்தில் கோப்பு அலமாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, கைப்பேசியில் மணி வைத்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கேள்விகளைத் தீர்த்தார். மூன்றாவது வாரத்திலிருந்து எண்ணிக்கை பதினெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. தேர்வு நாளன்று ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் தன்னையறியாமல், "அடுத்து" என்று நீதிமன்ற ஊழியர் மாதிரிச் சொல்லிவிட, கண்காணிப்பாளர் இரண்டு முறை வந்து எச்சரித்தார். மூன்றாவது முறை உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டார்.

எண்பது.

ஒரு மாதம் கழித்துச் சேர்க்கைப் பட்டியல் வந்தது. அந்த வருடம் கேள்வித்தாள் கடினமோ என்னவோ, கடைசி இடம் அறுபத்தொன்பதுக்கே கிடைத்திருந்தது. மகள் அதை வாசித்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தவர் கணவர்.

"அப்ப அந்த எழுபத்தொண்ணே போதுமா? பதினோரு மார்க்கு மிச்சம். பக்கத்து வீட்டுல யாருக்காவது வேணுமான்னு கேட்டுப் பாரேன்."

"குடுக்க மாட்டேன்" என்றார் அக்கா.

இப்போது அவர் மாலை நேரச் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. பகலில் அதே மூன்றாவது மாடியில் குமாஸ்தா வேலை. ஆறு மணிக்கு வகுப்பு. முதல் ஆண்டுத் தேர்வில் ஐந்து தாள்களில் நான்கில் தேறியிருக்கிறார். ஐந்தாவதை வருகிற மாதம் எழுதுகிறார்.