பூசை வானுக்கு எந்தச் சீலன்ற்?

என் அக்கா உதயகலா கொக்குவிலில் வாகனங்களைக் கழுவி மினுக்கும் கடை திறந்திருக்கிறாள். முதல் வாடிக்கையாளர் இணுவில் பொன்னம்பலம் மாமா. அவருடைய புது வெள்ளை வானுக்கு வாற மாதம் சந்நிதி கோயிலில் பூசை. அதற்குமுன் கறை பிடிக்காமல் காக்கும் சீலன்ற் பூச வேண்டும்.

"பூசையில வைக்கிற குங்குமத்தை ஒரு கிழமைக்குத் துடைக்க விடமாட்டன். பிறகு கறை தெரிஞ்சால் ஊரெல்லாம் கதைப்பன் பிள்ளை," என்றார் மாமா.

குங்குமத்தைப் பற்றி எந்தச் சீலன்ற் போத்தலிலும் எழுதவில்லை. அக்கா எங்கள் பழைய வெள்ளைக் காரின் முன்மூடிப் பொனற்றில் ஒரு பக்கம் விலை கூடிய சீலன்ற், மற்றப் பக்கம் மலிவான சீலன்ற் பூசி, குங்குமம் வைத்து வெயிலில் விட்டாள். இரண்டு சாமியார்கள் ஒட்டிப் படுத்திருப்பது போல இருந்தது. நான் சும்மா இருப்பேனா? மஞ்சளையும் குழைத்து இரண்டு பக்கமும் அப்பினேன்.

"குரங்கே, என்னடா செய்யிறாய்?"

"பூசையில மாமாவின்ர மாமி இதைவிட அப்புவா அக்கா!"

ஒரு கிழமை கழித்து விலை கூடிய சீலன்ற் பூசிய பக்கத்தைத் துடைத்தாள். குங்குமம் போய்விட்டது. என் மஞ்சள் மட்டும் வட்டமாக நின்றது. அக்காவின் முகம் சுருங்க, எனக்கும் பகிடி வரவில்லை.

மலிவான சீலன்ற் பூசிய மற்றப் பக்கத்தில் துணி வழுக்கிக்கொண்டு போனது. பால் போல வெள்ளை!

அக்கா துள்ளிக்கொண்டே போன் எடுத்தாள். "மாமா, வானைக் கொண்டு வாங்கோ! ஐயரை விரும்பினபடி பூசச் சொல்லுங்கோ!"